ஊறுகாய் ஜாடியில் சீஸ்

டீச்சர்,

இன்று காலை மருமகள் ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மூக்கைச் சுளித்தாள். பேரன் ஆசைப்பட்டு வாங்கிப் பாதியில் விட்ட சீஸ் துண்டு. மூடியின் உட்பக்கம் வேர்த்திருந்தது. சீஸின் ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு. "கெட்டுப்போச்சு அத்தை" என்று அவள் குப்பைக் கூடைப் பக்கம் திரும்புவதற்குள் டப்பாவைப் பிடுங்கிவிட்டேன். ஏன் பிடுங்கினேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கே அந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் விளங்கியது. முடிச்சூர் ரோட்டு வீட்டின் கிணற்றடியில் நீயும் நானும் நின்ற இடத்துக்கே போய்விட்டேன்.

பச்சைப் பொட்டை விரலகலம் சேர்த்து வெட்டி எறிந்தேன். மிச்சத்தைத் துடைத்து, வெண்ணெய்த்தாளில் தளர்வாகச் சுற்றி, காய்கறித் தட்டில் வைத்தேன். "ஃப்ரிட்ஜுக்குள்ளதானே இருக்கு, அதுக்கு எதுக்கு இவ்ளோ மரியாதை?" என்று மருமகள் சிரித்தாள். "அதுவும் மூச்சு விடணும்மா" என்றேன். வாய் என்னுடையது, பேச்சு உன்னுடையது. அப்போதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த நாலு வரியை எழுதுவதற்குள் எழுந்து போய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. மறுபடியும் போய்ப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் "கால்ல சக்கரமாடி கட்டியிருக்கு?" என்று கேட்டிருப்பாய்.

ஊருக்கெல்லாம் நீ டீச்சர். எனக்கும் டீச்சர்தான், ஆனால் "வா டீச்சர், போ டீச்சர்" என்று ஒருமையில் கூப்பிடும் உரிமை எனக்கு மட்டும் இருந்தது. ஒரே வீட்டின் இரண்டு போர்ஷன்கள். முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் நீ, நடுவில் பொதுக் கிணறு. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், தனியாக, ஒரு மாதா படத்தையும் ஒரு கறுப்புக் குடையையும் துணைக்கு வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினாய். உன்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசாத பேச்சில்லை. நீ அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. எனக்குத்தான் உனக்கும் சேர்த்து வயிறு எரியும்.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்தார். டி.பி. என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, "அந்த உடம்பு" என்போம். ஊசியும் மாத்திரையும் வேலை செய்துவிட்டன, நெஞ்சு தெளிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஆள் உடம்பில் சதையில்லை. "நல்லா சாப்பிடட்டும்மா. வெயில் காலம் முடிஞ்சு வரும்போது எடை ஏறியிருக்கணும். ஏறலைன்னா மறுபடியும் வார்டுலதான் வச்சுப் பாக்கணும்" என்றார். அந்த வார்டில் அவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. அதைப் பார்த்தவர் அவர். "திரும்ப அங்க போனா நான் வரமாட்டேன்" என்று என்னிடம் சொன்னார். சாதாரணமாக, கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்வது போலச் சொன்னார்.

சாப்பிட வேண்டுமே! எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது. மருந்தாக நினைத்துத் தின்னுங்கள் என்று முட்டையை அவித்துக் கொடுத்தால் ஓங்கரிப்பார். ஆஸ்பத்திரியில் குடித்துக் குடித்துப் பால் டம்ளரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாதத்தில் நாலு பருக்கையைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவார். நான் தட்டைப் பார்ப்பேன், அவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் என் முகத்தைப் பார்த்து இன்னும் பயந்துபோவார். என் முகம்தான் உனக்குத் தெரியுமே. மனதில் இருப்பதையெல்லாம் எழுதி ஒட்டிவைத்த சுவர் அது. "மூஞ்சிய அப்படி வச்சுக்காதடி, அதைப் பாத்தா எனக்கே பசி போவுது" என்று நீ திட்டுவாய்.

ஒரு சாயங்காலம் அவரைப் பார்க்க வந்தவள் ஒரு தட்டில் ரொட்டித் துண்டும் அதன்மேல் மஞ்சளாக ஏதோ ஒன்றும் வைத்துக்கொண்டு வந்தாய். மலையில் ஒரு கன்னியர் மடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்த உன் தம்பி கொண்டுவந்தது. அங்கே சிஸ்டர்களே சீஸ் செய்வார்களாம். எனக்கு அந்த வாடைக்குக் குடலைப் பிடுங்கியது. பால் கெட்டு, கெட்டது காய்ந்து, காய்ந்தது மறுபடியும் கெட்டால் வரும் வாடை. அவர் மோந்து பார்த்தார். கடித்தார். "உப்பா, நல்லாயிருக்கே" என்றார். தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். டீச்சர், அவர் வாயிலிருந்து "இன்னும்" என்ற சொல்லைக் கேட்டு எத்தனை மாதமாகியிருந்தது! நான் உள்ளே போய்ப் புடவைத் தலைப்பில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நீ தம்பிக்குக் கடிதம் போட்டாய். கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்னால் அவன் ஒரு முழு சீஸ் வட்டு கொண்டுவந்து இறக்கினான். மெழுகு பூசி, அம்மிக்கல் கனம் கனத்தது. இனி மழை விழுந்த பிறகுதான் தாம்பரம் பக்கம் வரமுடியும் என்றான். அதாவது அந்த ஒரு வட்டுதான் வெயில் காலம் முழுவதற்கும். நம் தெருவில் அப்போது யார் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது? ஐஸ் வேண்டுமென்றால் ஸ்டேஷன் ரோட்டில் மரத்தூளில் புதைத்த கட்டியை வாங்கிவர வேண்டும், வீடு வந்து சேர்வதற்குள் பாதி தெருவில் சொட்டியிருக்கும்.

"வெட்டாத வரைக்கும் ஒண்ணும் ஆகாதுக்கா" என்று உன் தம்பி எனக்குச் சொல்லிக்கொடுத்தான். "வெட்டினப்புறம் அதுக்குக் காத்து வேணும், ஆனா காயக்கூடாது. ஈரம் வேணும், ஆனா நனையக்கூடாது. வெங்காயம், மண்ணெண்ணெய் பக்கத்துல வைக்காதீங்க, வாடையை இழுத்துக்கும்."

"இது சீஸா, புது மாப்பிள்ளையா?" என்றேன். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

அவன் சொன்னதை நான் கேட்டிருக்கலாம். ஆனால் கெட்டுப்போகாமல் வைக்கும் கலை எனக்குத் தெரியாதா? வருஷாவருஷம் ஆவக்காயும் எலுமிச்சையும் போட்டு வருஷம் முழுக்கக் காப்பாற்றுகிறவள் நான். ஊறுகாய்க்கு மேலே எண்ணெய் நின்றால் பூசணம் அண்டாது, காற்றுப் புகாவிட்டால் கெடாது. எங்கள் வீட்டுச் சட்டம் அது. வட்டை வெட்டிக் கொஞ்சம் எடுத்ததும், வெட்டிய முகத்தில் நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவினேன். புதுச் சட்டை சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையில் அதை இறுக்கிக் கட்டினேன். இருக்கிறதிலேயே பெரிய ஊறுகாய் ஜாடியில் இறக்கி, மூடி, வாய்க்குத் துணி கட்டி, பரணில் ஏற்றினேன். உன்னிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். "பலே" என்று நீயும் ஒத்துக்கொண்டாய். அவரவர் சமையலறையில் இருக்கும் புத்திதானே அவரவருக்கு.

அடுத்த துண்டு வெட்டுவதற்காக ஜாடியைத் திறந்தபோது என் அலறல் கேட்டு ஓடிவந்தாய். உறைக்குள் சீஸ் குளித்துவிட்டு வந்தது போல வேர்த்துக் கொட்டியிருந்தது. மேலே வழவழவென்று ஒரு பிசுக்கு. அதன்மேல் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம். நல்லெண்ணெய் சிக்குப் பிடித்து, அந்த வாடையும் சேர்ந்துகொண்டது. "போச்சு டீச்சர், எல்லாம் போச்சு, அவரை நானே கொன்னுட்டேன்" என்று தலையிலடித்துக்கொண்டு, அதை அப்படியே குப்பைமேட்டில் கொட்டத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நீ என் கையை முறுக்கிப் பிடுங்கினாய். உனக்கு அவ்வளவு பலம் இருக்குமென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

கிணற்றடியில் உட்கார்ந்து, பூசணம் பிடித்ததைக் கத்தியால் தடிமனாகச் சீவித் தள்ளினாய். கெட்டிச் சீஸில் பூசணம் மேலோடு நிற்கும், உள்ளே இறங்காது என்று தம்பி சொல்லியிருந்தானாம். உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தாய். "அதுவும் மூச்சு விடணும்டி" என்று நிழலில் காற்றாட வைத்தாய். உள்ளே நல்ல மஞ்சளாகத்தான் இருந்தது. நான் நம்பவில்லை.

"வெஷமாயிருந்தா? அவரு ஒடம்பு தாங்குமா?"

"சரி, நான் திங்கறேன்" என்றாய். ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு, நிதானமாக மென்று, விழுங்கி, இன்னொரு துண்டும் வெட்டிக்கொண்டாய். "நல்லாத்தான் கீது. நாளைக்குக் காலையில நான் கொடையை எடுத்துக்கினு ஸ்கூலுக்குக் கெளம்பறேனான்னு பாரு. கெளம்பினா அவருக்குக் குடு." எங்களைக் கேலி செய்யும்போது மட்டும் நீ அந்தத் தெருப் பேச்சைப் பேசுவாய். காலையில் நான் வாசலிலேயே நின்றேன். நீ குடையை விரித்தாய், என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய், போய்விட்டாய்.

அதன்பிறகு என்ன செய்வது என்ற கேள்வி. கிணற்றுக்குள் குளிர்ச்சியாக இருக்குமே என்று நான்தான் சொன்னேன். ஈரத்துணியில் சுற்றித் தூக்குச்சட்டியில் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தாற்போல விட்டு, தண்ணீருக்கு மேலே நிற்கும்படி கயிற்றில் இறக்கினோம். ஆனால் என் கை சும்மா இருக்குமா? போகும்போது ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன், வரும்போது ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன். "குளுந்து கெடக்கட்டும்னு எறக்கிட்டு, நிமிஷத்துக்கு ஒருதரம் வெயில்ல காட்டினா எப்படிடி?" என்று நீ கத்துவாய். அவர் தூங்கும்போது மூக்கினருகே கை வைத்துப் பார்ப்பேனே, அதே கைதான் அது. எதையும் அதன்போக்கில் விடத் தெரியாத கை.

அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்கார அம்மா வந்தாள். அந்தப் பக்கத்து வயலெல்லாம் அவர்களுடையதாக இருந்த காலம் போய், வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

"இன்னாம்மா அது, கெணத்துல இன்னாத்தக் கட்டி வுட்டுக்கினு கீற?"

என் முகம் வெளுத்துவிட்டது. அது போதுமே அவளுக்கு.

"அந்த ஒடம்புக்காரரு துண்றதா? ஊரே குடிக்கிற தண்ணியில எறக்கிக்கினு கீறியா? எங்க வூட்டுப் புள்ளைங்க குடிக்கற தண்ணிம்மா இது! ஒங்களுக்கு வூடு குடுத்ததே தப்பு. மொதல்ல காலி பண்ணுங்க."

நீ சோப்பு நுரைக் கையோடு பின்பக்கத்திலிருந்து வந்தாய். "அது என்னுது, அம்மா" என்றாய். "எங்க ஆளுங்க சாப்பிடற சாமான். எனக்கு இது இல்லாம ரொட்டி எறங்காது. அவங்க எனக்காகத்தான் எறக்கி வச்சாங்க." அவள் நம்பாமல் பார்த்தாள். நீ சட்டியைத் திறந்து, ஒரு துண்டு பிட்டு, அவள் கண்ணெதிரில் வாயில் போட்டுச் சப்புக்கொட்டித் தின்றாய். "டேஸ்ட் பாக்கறீங்களா?" என்று நீட்டினாய். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அய்ய, நீயே துண்ணு தாயி" என்று போய்விட்டாள். ஆனால் கிணற்றில் இனி எதுவும் தொங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

உன்னுடையது என்று சொன்ன பிறகு அது என் வீட்டில் எப்படி இருக்க முடியும்? உன் சமையலறைக்கே குடிபோயிற்று. பெரிய மண்சட்டிக்குள் ஈரமணல், மணலுக்குள் சின்னச் சட்டி, அதற்குள் உப்புத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியில் சீஸ், சட்டி வாயைச் சுற்றிக் கட்டிய மெல்லிய துணி. ஜன்னலோரம், வெயில் படாத மூலை. மணலுக்கு நீ காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிப்பாய். துணியை மாற்றுவாய். பொட்டு விழுந்தால் சீவுவாய். அந்த வெயில் காலம் முழுக்க உன் அறையில், உன் சேலையில், உன் தலையணையில்கூட அந்த வாடைதான்.

தினம் காலையில் நான் உன் ஜன்னலுக்கு வெளியே தட்டோடு நிற்பேன். நான் கேட்பேன்: "இன்னிக்கு நல்லாயிருக்கா?" வாயில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை, வாடைக்கே பாதி உயிர் போய்விடும். நீ முதல் துண்டை வெட்டி உன் வாயில் போடுவாய். மெல்லுவாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஜோசியக்காரன் வாயைப் பார்ப்பதுபோலப் பார்ப்பேன். நீ கண்ணை மூடி, தலையை ஆட்டி, "அருமை. இன்னொரு துண்டு நானே எடுத்துக்கவா?" என்பாய். அதற்குப் பிறகுதான் நான் தட்டை நீட்டுவேன். தட்டை நிரப்பிக்கொண்டு ஓடுவேன்.

அவர் தின்றார். ரொட்டியோடு தின்றார், தோசைக்கு நடுவில் வைத்துத் தின்றார், கடைசியில் ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டுகூடத் தின்றார். அது தின்னத் தின்ன மற்றதற்கும் பசி வந்தது. கன்னத்தில் எலும்பு மறைந்தது. மழை விழுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடைக் கருவிமேல் அவர் ஏறியபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். முள்ளைப் பார்த்தது நீ. "ஏறிடுச்சுடி, திரும்பு" என்றாய். டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். அடுத்த வாரமே பீச் ஸ்டேஷன் ரயிலில் கூட்டத்தோடு தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனார் மனுஷர்.

நன்றிக்கடன் என்று ஒன்று இருக்கிறதே. எழுபதுகளில் அவருக்குப் பிரமோஷன் வந்து ஃப்ரிட்ஜ் வாங்கினோம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மவுண்ட் ரோட்டுக்குப் போய், இருக்கிறதிலேயே பெரிய சீஸ் டின்னாக வாங்கி, ரிப்பன் கட்டி உன் கையில் கொடுப்பேன். "ஐயோ, எனக்கா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வாய். நான் பூரித்துப்போவேன்.

அப்புறம் உன் வயிற்றில் அந்தக் கட்டி. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உன் தம்பி வரும்வரைக்கும் நான்தான். நீ எதையும் சாப்பிடவில்லை. கஞ்சி, இளநீர், ஆரஞ்சுச் சாறு, எதை நீட்டினாலும் தலையை அசைத்தாய். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அவரைப் பிழைக்கவைத்தது உன்னையும் பிழைக்கவைக்காதா? ரயிலேறிப் போய் டின் வாங்கிவந்தேன். வெட்டி, சின்னத் துண்டாக்கி, உன் உதட்டருகே கொண்டுபோனேன். உனக்கு ரொம்பப் பிடித்ததாயிற்றே, இதற்காவது வாயைத் திறப்பாய் என்று நம்பினேன்.

நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாய். தோள் குலுங்கியது. அழுகிறாய் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய்.

"இன்னுமா உனக்குத் தெரியல? எனக்கு இந்த நாத்தமே ஆகாதுடி. சின்ன வயசுலேருந்தே ஆகாது. வாயில வச்சா குமட்டும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தினம் தின்னியே டீச்சர். இன்னொரு துண்டு வேற கேட்டியே."

"கேக்கலைன்னா நீ நம்பியிருப்பியா? என் மூஞ்சி கொஞ்சம் கோணியிருந்தாலும் முழுசையும் தூக்கிக் குப்பையில போட்டிருப்ப. அப்புறம் அவரு எதைத் தின்னுவாரு?" மூச்சு வாங்கியது. "நீ அந்தப் பக்கம் போனதும் கொல்லையில போய் வாயைக் கொப்புளிப்பேன்."

"அந்த டின்னெல்லாம்?"

"ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு. உன்னை நல்லா வாழ்த்திச்சுங்க."

எனக்குக் கோபம் வந்தது, டீச்சர். இன்றைக்கும் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபம். அத்தனை நாளும் ஜன்னலுக்கு வெளியே நின்று உன் முகத்தை முழுங்கிக்கொண்டிருந்தேனே, எனக்கு எப்படி அது தெரியாமல் போயிற்று என்று கோபம். கையில் இருந்த துண்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. "நீ தின்னு, பாக்கலாம்" என்றாய். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாயில் போட்டுக்கொண்டேன். உப்பும் பிசுக்கும் தொண்டையில் ஒட்டியது. உன்னை மாதிரியே கண்ணை மூடி, தலையை ஆட்டி, "அருமை" என்றேன். "மூஞ்சியப் பாரு" என்று நீ சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. உன் தம்பி வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

நீ போய் வெகு வருஷம் கழித்து, கிழவரான பிறகு, எங்கள் வீட்டுக்காரர் மறுபடியும் படுத்தார். இந்தத் தடவை நெஞ்சு இல்லை, சிறுநீரகம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். அவர் படுத்தபடியே என்னைத்தான் பார்த்தார். நாக்கில் சொல்வதைவிட என் முகத்தில் தெரிவதைத்தான் அவர் எப்போதும் நம்புவார். "என்ன சொன்னாரு?" என்றார். எல்லாம் என் முகத்துக்கு ஏறி வந்தது. வந்ததை அப்படியே மென்று விழுங்கினேன். கண்ணை மூடித் திறந்து, தலையை ஆட்டி, "நல்லாயிருக்குன்னாரு" என்றேன். பக்கத்தில் கிண்ணத்தில் ரவைக் கஞ்சி இருந்தது. முதல் ஸ்பூனை நான் குடித்தேன். அடுத்ததை அவருக்கு நீட்டினேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.